இருதயம் நின்றால் சோடா உதவாது!

திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் வண்டி வந்து நிற்கிறது. பெட்டியும் கையுமாக இறங்கிய ஒருவர் பிளாட்பாரத்திலேயே சரிந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே கூட்டம் வளைத்துக் கொள்ளும். ஒருவர் சோடா உடைப்பார்; ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்; இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். நின்றுபோன இருதயத்திற்கு இவற்றில் ஒன்றும் பயன்படாது.

இத்தனைக்கும் இருதய வைத்தியத்தில் பெயர் பெற்ற ஊர் இது. டாக்டர் வலியத்தான் தலைமையில் உள்நாட்டிலேயே உருவான செயற்கை இருதய வால்வு, இங்குள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில்தான் 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஆனால் தம்பானூரிலிருந்து அங்கே சுமார் 6 கிலோ மீட்டர். பட்டத்தில் வண்டிகள் முட்டி மோதும் மாலை வேளையில் ஆம்புலன்ஸ் எப்போது போய்ச் சேரும்? இருதயம் நின்றபின், யாரும் கை கொடுக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்திற்கு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகிறது.

மாரடைப்பு வேறு, இருதயம் நின்றுபோவது வேறு. முன்னதில் ரத்தக்குழாய் அடைபடும். நெஞ்சு வலித்தாலும் பெரும்பாலும் நினைவு இருக்கும். அவரை அமுக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சில்லை, அல்லது எப்போதாவது ஒரு திணறல் மட்டும் என்றால்தான் அமுக்க வேண்டும். ஒருவர் 108க்கோ 112க்கோ போன் செய்யட்டும். மற்றொருவர் நடுமார்பில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அமுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு பழையபடி எழும்ப விட வேண்டும். விலா எலும்பு முறியலாம். முறிந்தால் கூடிவிடும். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் வாயோடு வாய் வைத்து மூச்சும் ஊத வேண்டும்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டது இது. நாயின் மார்பில் மின்கருவியின் கனமான தகடுகளை அழுத்தும்போதெல்லாம் ரத்த அழுத்தம் ஏறுவதை அவர்கள் கவனித்தார்கள். 1960ல் இதை வெளியிட்டார்கள். 2021 ஜூனில் கோபன்ஹேகனில் பந்தாட்ட மைதானத்தில் விழுந்த டென்மார்க் வீரர் எரிக்சனை எழுப்பியதும் இந்த அமுக்கலும் மின் அதிர்ச்சியும்தான். பிறகு அவர் மறுபடி விளையாடவும் செய்தார்.

விழுந்தவர் பெண் என்றால் தொடுவதற்கு ஆண்கள் தயங்குகிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஆற்றுகால் பொங்கலுக்குக் குமரி மாவட்டத்திலிருந்தும் திரளாகப் பெண்கள் வருகிறார்கள். அவர்களே பழகிக்கொண்டால் இந்தத் தயக்கத்திற்கு இடமில்லை.

இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். அதற்குள் சோடா வாங்கப் போனவர் திரும்பியிருப்பார்; அவரை மாற்றிக் கொள்ளலாம்.