கைக்கு எட்டியவர் மேல் விழும் அடி

காரைக்காலில் ஒரு மறியல் நடந்தால் போலீஸ் வேன் வருவதற்குள் நிருபர் வந்துவிடுவார். பைக் பெட்டியில் இரண்டு மூன்று தொலைக்காட்சிகளின் லோகோ கிடக்கும். எந்தச் சேனல் கேட்கிறதோ அந்த லோகோவை மைக்கில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைவார். அங்கிருந்து ஒரு குரல் வரும்: “நீ எந்த டிவி? அந்த டிவியா? படம் எடுக்காதே, போ!” இன்னொருவர் செல்போனைப் பிடுங்கக் கை நீட்டுவார். “அண்ணே, நான் நம்மூருதாண்ணே” என்பார் நிருபர். ஊர்க்காரர் என்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு.

முந்தைய நாள் இரவு சென்னை ஸ்டுடியோ ஒன்றில் விவாதம் நடந்திருக்கும். தலைப்பு வைத்தது டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். யாரைப் பேச விடுவது, யாரை அடக்குவது என்று முடிவு செய்தது இன்னொருவர். அவர்கள் இருவரையும் காரைக்கால் மக்கள் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. லோகோவைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார், அடியும் அவருக்குத்தான். பகுதிநேர நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. செய்தி வெளிவராவிட்டால் பெட்ரோல் காசும் கைக்காசு.

பத்திரிகை மீதான கோபம் பெரும்பாலும் எழுதியவரைத் தேடிப் போவதில்லை. கைக்கு எட்டியவர் மேல்தான் விழுகிறது. இதை நான் இன்றைய தெருவில் மட்டும் பார்க்கவில்லை. தமிழ்ப் பத்திரிகையின் கதையிலேயே இது நெடுகக் கிடக்கிறது.

காரைக்காலின் முக்கியமான சாலைக்குப் பாரதியார் சாலை என்று பெயர். அவர் ஆசிரியராக இருந்து எழுதிய ‘இந்தியா’ வார இதழின் மீது 1908-இல் சென்னையில் ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். எழுதியவர் பாரதி. அரசாங்கப் பதிவில் ஆசிரியராக இருந்தவர் முரப்பாக்கம் சீனிவாசன். ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை சீனிவாசனுக்கு விழுந்தது. பாரதி பிரெஞ்சு எல்லைக்குள் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாரதியைத் தெரியும். சீனிவாசன் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பாரதி ஏன் பிரெஞ்சு மண்ணுக்குப் போனார்? பிரான்ஸ் 1881 ஜூலை 29-இல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சும் பதிப்பும் சுதந்திரமானவை என்பதே அதன் முதல் பிரிவு. 69-ஆவது பிரிவு, இந்தச் சட்டம் அல்ஜீரியாவுக்கும் குடியேற்றங்களுக்கும் பொருந்தும் என்றது. குடியேற்றம் என்றால் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் சேர்த்தி. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்காலுக்கு, அடிமை நாட்டின் ஒரு துண்டாக இருந்தபோதே, அச்சுச் சுதந்திரம் சட்டமாக வந்து சேர்ந்திருந்தது. நண்டலாற்றைக் கடந்தால் அது செல்லாது.

அந்தச் சட்டத்தின் நிழலில் ‘இந்தியா’ 1908 அக்டோபரில் மறுபடி வெளிவந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் கைவைக்க முடியாத பிரிட்டிஷ் அரசு, இதழ் தன் எல்லைக்குள் நுழையாமல் தடுத்தது. சந்தாதாரர் எல்லாம் அந்தப் பக்கம்தானே இருந்தார்கள்? வாசகரிடம் போய்ச் சேராத பத்திரிகை எத்தனை நாள் நடக்கும்? 1910 மார்ச்சோடு ‘இந்தியா’ நின்றுபோனது.

நாற்பது ஆண்டு கழித்து, நாடு விடுதலை பெற்றபின், அதே வேலையைச் சென்னை மாநில அரசு செய்தது. பம்பாயில் அச்சான ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இதழ் மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 26-இல் தீர்ப்பு வந்தது. எழுதியது வாசகரிடம் போய்ச் சேர்வதும் கருத்துச் சுதந்திரத்தின் பகுதிதான் என்றது நீதிமன்றம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழரான நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. 1994-இல் ‘நக்கீரன்’ இதழ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவைத் திறந்தது: தங்களைப் பற்றி அவதூறு வரப்போகிறது என்று சொல்லி அதிகாரிகள் ஒரு செய்தியை முன்கூட்டியே தடுக்க முடியாது.

அரசு தடுத்தால் என்ன செய்வது என்று சட்டம் இப்படிப் படிப்படியாகக் கற்றுக்கொண்டது. கூட்டம் தடுத்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இன்றுவரை முழுமையான பதில் இல்லை.

2007 மே 9. ஒரு கட்சியின் அடுத்த தலைவர் யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக மதுரை ‘தினகரன்’ நாளிதழ் அலுவலகத்தின் மேல் ஒரு கும்பல் பாய்ந்தது, தீ வைத்தது. மூன்று பேர் இறந்தார்கள். இருவர் கணினிப் பிரிவு ஊழியர், ஒருவர் காவலாளி. கருத்துக்கணிப்பு எடுத்தவர் அல்லர், அதை எழுதியவர் அல்லர், அச்சிட முடிவு செய்தவரும் அல்லர். வேலைக்கு வந்தவர்கள். 2009-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது 2019 மார்ச் ஆகிவிட்டது. பன்னிரண்டு ஆண்டு! இறந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் எவ்வளவு வளர்ந்திருப்பார்கள்?

மதுரைச் சம்பவத்துக்கு ஓராண்டு முன், கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில், 2006 மே 2-ஆம் தேதி மாலை ‘உதயன்’ நாளிதழ் அலுவலகத்துக்குள் துப்பாக்கிகளோடு ஆட்கள் நுழைந்தார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அதற்கான விழாவுக்கு யுனெஸ்கோ அந்த ஆண்டு தேர்ந்தெடுத்திருந்த ஊர் கொழும்பு. சுடப்பட்டு இறந்த இருவரும் ‘உதயன்’ ஊழியர்கள், நிருபர்கள் அல்லர். அந்தப் பத்திரிகை அதற்குப் பிறகும் தாக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். அப்போதும் பத்திரிகை வந்தது.

கொலை வேறு, மறியலில் செல்போனைப் பிடுங்குவது வேறு, இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் “எல்லாம் விலைபோன பயல்கள்” என்ற பேச்சு டீக்கடையில் நாள்தோறும் ஓடும் ஊரில், ஒருநாள் ஒரு நிருபரை அடித்தால் வேடிக்கை பார்ப்பவர்கள் குறுக்கே விழமாட்டார்கள். 2024 ஜனவரியில் பல்லடம் அருகே ஒரு தொலைக்காட்சி நிருபர், தன்னைச் சிலர் நோட்டம் விடுகிறார்கள், காப்பாற்றுங்கள் என்று போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தார். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டினார்கள். பெண் நிருபர்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் கொடியது. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகருக்கு ஒரு மாதச் சிறை என்று 2024-இல் தீர்ப்பானது. அந்தப் பதிவைப் படித்துவிட்டு மறுநாள் மைக்கோடு தெருவுக்குப் போன பெண்களை நினைத்துப் பார்க்கிறேன்.

மக்களின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி “இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?” என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். கவர் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டிக்கொண்டு மிரட்டிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். போலிப் பத்திரிகையாளர்களைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே 2021-இல் கடுமையாகப் பேசியது. இவர்களால் முதலில் பாதிக்கப்படுபவர் ஒழுங்காக வேலை செய்யும் நிருபர்தான். அதனால் இவர்களைச் சுட்டிக்காட்டும் வேலையைப் பத்திரிகைக்காரர்களான நாங்களே செய்திருக்க வேண்டும். போதுமான அளவு செய்யவில்லை.

காரைக்காலுக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. ஊரைச் சுற்றித் தமிழ்நாடு, ஆட்சி புதுச்சேரியில், அதுவோ 130 கிலோமீட்டருக்கு அப்பால். வாஞ்சூர் வரை ஒரு போலீஸ், நாகூரில் வேறு போலீஸ். இங்கே சாராயம் விலை குறைவு என்பதால் அந்தப் பக்கம் கடத்துவது பழைய கதை. அதைப் பற்றி எழுதும் நிருபருக்கு மிரட்டல் வந்தால், மிரட்டியவர் எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

பத்திரிகையாளர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்கிறார்கள். வரட்டும். மகாராஷ்டிரம் 2017-இல் சட்டம் கொண்டுவந்தது. சத்தீஸ்கர் சட்டமன்றம் 2023 மார்ச்சில் மசோதா நிறைவேற்றியது. அதே சத்தீஸ்கரில், பீஜப்பூரில், சாலைப் பணி ஊழலைப் பற்றிச் செய்தி தந்த முகேஷ் சந்திராகரின் உடல் 2025 ஜனவரி 3-இல் ஒரு ஒப்பந்ததாரரின் இடத்தில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அவரும் தொலைக்காட்சிக்குச் செய்தி தந்துகொண்டிருந்த சின்ன ஊர் நிருபர்தான்.

சின்ன ஊர் நிருபரின் செய்தி எவ்வளவு தூரம் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2012 நவம்பரில் காரைக்காலில் ஓர் இளம்பெண் மேல் அமிலம் வீசப்பட்டது. 2013 பிப்ரவரியில் அவர் இறந்தார். மூன்று மாதமும் அந்தச் செய்தி நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில், வேறொரு பெண் தொடுத்த வழக்கில், அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்குக்குப் பின்னால் நின்ற நாட்டின் கோபத்தில் காரைக்காலிலிருந்து போன செய்திக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் நம்பிக்கை.

2025 ஜனவரி 28 அதிகாலையில் நெடுந்தீவு அருகே காரைக்கால் படகை நோக்கி இலங்கைக் கடற்படை சுட்டது. படகில் 13 பேர். இருவருக்குப் பலத்த காயம். இப்படிப் படகு திரும்பாத நாள்களை இந்தக் கரை நிறையப் பார்த்திருக்கிறது. முதல் போன் பஞ்சாயத்தாருக்குப் போகும், அடுத்தது நிருபருக்கு. அவர் வண்டியை நிறுத்துவதற்குள் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

“தம்பி, சென்னையிலேர்ந்து ஏதாச்சும் சேதி வந்துச்சா? பேரு சொன்னாங்களா?”

மைக்கில் எந்த லோகோ இருக்கிறது என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை.