ட்ரம்பெட்டின் பாதாள ஸ்வரங்கள்

ட்ரம்பெட் என்றதும் நம் செவியில் முதலில் எழுவது அணிவகுப்பின் முன்னே விண்ணென்று கிளம்பும் உச்ச ஸ்தாயி நாதமே. ஆனால் அதே பித்தளைக் குழலின் அடியாழத்தில், சங்கீத ரசிகர்களிலும் பலர் கேட்டிராத சில மந்தர ஸ்வரங்கள் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றை எழுப்புவதற்கு நுரையீரலின் பலத்தைவிட உதட்டின் பொறுமையும் காதின் கூர்மையுமே அதிகமாக வேண்டும்.

பெருவழக்கிலுள்ள பி-பிளாட் ட்ரம்பெட்டில், வளைத்துச் சுருட்டிய குழாயை நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும். மூன்று வால்வுகளையும் ஒருங்கே அழுத்தினால் குழாய் மேலும் நீண்டு, விநாடிக்குச் சுமார் 165 அதிர்வுகளுடைய ஸ்வரம் ஒலிக்கிறது. மாணவனுக்குக் கொடுக்கும் விரல் அட்டவணை அதோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே, எந்த வால்வும் நேராக உதவாத ஐந்து அரை ஸ்வரங்களின் இடைவெளி; அதையும் தாண்டினால், வால்வு எதையும் தொடாமலே, 116 அதிர்வுகளில் ஒரு கம்பீரமான ஒலி. மேல்நாட்டு வித்வான்கள் இதைப் பெடல் ஸ்வரம் என்கிறார்கள். மறுபடி வால்வுகளை அழுத்தி இதற்கும் கீழே இறங்கலாம்.

இதில் என்னை வியப்பில் ஆழ்த்துவது வேறொன்று. வாய்வைக்கும் கிண்ணமும் விரிந்த புனலும் சேர்ந்து குழலின் அனுநாதங்களை இடம் மாற்றிவிடுவதால், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது அனுநாதங்கள் சீரான வரிசையில் அமைந்தாலும், முதல் அனுநாதம் மட்டும் வரிசையை விட்டு வெகு கீழே போய்விடுகிறது. ஆகவே பெடல் ஸ்வரத்துக்கென்று குழலுக்குள் சொந்தமான பீடம் எதுவும் கிடையாது! பின் அது எப்படி நிற்கிறது? அதன் இருமடங்கிலும் மும்மடங்கிலும் நான்மடங்கிலும் உள்ள மேல் அனுநாதங்கள் ஒன்றுகூடி, உதட்டின் துடிப்பைத் தாளம் தவறாமல் பிடித்து நிறுத்துகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி புவாஸ் எடுத்துரைத்த இந்தக் கூட்டுறவை, அமெரிக்கப் பௌதிக ஆசிரியரான ஆர்தர் பெனேட் 1976-ல் வெளியிட்ட தம் பெருநூலில் விரிவாக விளக்கினார். தன்னிடம் இல்லாத ஸ்வரத்தைத் தன் மேற்குரல்களின் துணையால் ஒலிக்கும் வாத்தியத்தை எப்படிக் கொண்டாடுவதென்றே எனக்குத் தெரியவில்லை.

வால்வு இல்லாத காலத்தில் கீழ் ஸ்வரங்களுக்குத் தனிப் பதவியே இருந்தது. மாண்டெவெர்டி 1607-ல் இயற்றிய 'ஓர்ஃபியோ' இசை நாடகத்தின் முகப்பில் வரும் ஐந்து எக்காளப் பகுதிகளில், கீழிரண்டும் ஆளுக்கு ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, நம் நாகஸ்வரக் கச்சேரியின் ஒத்தைப் போல அசையாமல் நிற்கின்றன. 1818-ல் ஜெர்மனியில் வால்வுக்குக் காப்புரிமை கிடைத்தது; பிற்காலத்தில் ட்ரம்பெட்டின் புகழெல்லாம் மேல் ஸ்தாயியிலேயே சென்று சேர்ந்தது.

கீழ் ஸ்வரங்களை மீண்டும் சாதகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் அமெரிக்க ஆசிரியர்களான கிளாட் கார்டனும் ஜேம்ஸ் ஸ்டாம்பும் முக்கியமானவர்கள். தினசரி சாதகத்துக்காக கார்டன் எழுதிய நூல் 1965-ல் வெளிவந்தது. வேண்டாத பழக்கம் உண்டாகும் என்று இந்த முறையை ஏற்காத ஆசிரியர்களும் உண்டு. உதடு தொளதொளத்து, வாய்க்கிண்ணம் இடம் பெயர்ந்து, ஏதோ ஒரு உறுமல் வந்தால் போதும் என்று ஊதுகிறவர்களைப் பார்க்கும்போது அந்த ஆசிரியர்களின் அச்சம் நியாயமென்றே தோன்றுகிறது. ஆனால் குற்றம் முறையினுடையதன்று, அவசரத்தினுடையது.

பழகுகிறவன் முதலில் எளிதாக வரும் கீழ் ஸ்வரத்தில் நின்று, வாயோரங்களைத் தளர்த்தாமல், வாத்தியத்தை உதட்டில் அழுத்தாமல், அரை அரை ஸ்வரமாக இறங்க வேண்டும். அந்த ஐந்து ஸ்வர இடைவெளியில் குழல் கைகொடாது. வேண்டிய சுருதியை மனத்துக்குள் பாடிக்கொண்டு உதட்டாலேயே வளைத்துக் கொண்டுவர வேண்டும். ஆரம்பத்தில் ஒலி மோட்டார் வண்டியின் உறுமலைப் போல உடைந்தும் சுருதி விழுந்தும் இருக்கும். நாள் செல்லச் செல்ல, மூச்சு அகன்று ஒழுகத் தொடங்கியதும், பெடல் ஸ்வரம் சற்றே உருண்டு திரண்டு வரும். அப்போது வாத்தியத்தைக் கீழே வைத்து ஓய்ந்து, பின்பு அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே மெல்ல ஊதிக் கேட்க வேண்டும்.