எண்ணெய் பாலாகும் அடுக்களை

முதலில் வித்தையைப் பார்த்துவிடுவோம், விளக்கமெல்லாம் அப்புறம். மதினி என் புறங்கையை இழுத்து வைத்து, தண்ணீருக்கு அசையாத கண் மையால் ஒரு கோடு போடுகிறார். குழாயடியில் காட்டச் சொல்கிறார். காட்டினேன். கோடு சிரித்துக்கொண்டு அப்படியே இருக்கிறது. கையைத் துடைத்துவிட்டு, பம்ப் பாட்டிலை ஒரே ஒரு அழுத்து. வெளிர்மஞ்சளாக எண்ணெய் விழுகிறது. விரல் நுனியால், அழுத்தாமல், வட்டமாகத் தடவுகிறார். கோட்டின் ஓரம் மெல்ல இளகுகிறது, பிறகு நடுப்பகுதி கரைகிறது, கடைசியில் புறங்கை முழுக்க ஒரே கருஞ்சாந்து. இப்போது மேலே நாலு சொட்டுத் தண்ணீர் தெளிக்கிறார். அவ்வளவுதான், எண்ணெய் பாலாகிவிட்டது! கண்ணெதிரே! இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் மையும் இல்லை, எண்ணெயும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை.

"இன்னொரு தடவை, மதினி!"

"போதும்மா, தோலு தேஞ்சிரும்."

இடம் விருதுநகர். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். மதினி பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறவர். வாசனை சோப்பு பட்டால் கன்னம் சிவந்துவிடும், புது க்ரீம் தடவினால் எரியும், அப்படி ஒரு தோல். ஆகவே தனக்கான முகம் கழுவும் எண்ணெயைத் தானே கலக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு விடுமுறை நாளின் கலவை வேலையை உடனிருந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. அண்ணனுக்கும் அனுமதி உண்டு, ஆனால் எதையும் தொடக் கூடாது.

எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். மை, சன்ஸ்கிரீன், மூக்கோரப் பிசுக்கு எல்லாமே எண்ணெய்க் கூட்டம். தண்ணீர் கூப்பிட்டால் வராது. பிரச்சினை அடுத்த கட்டத்தில்தான்: தடவிய எண்ணெயை எப்படி அகற்றுவது? சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போட்டு வளர்ந்த நமக்கு விடை தெரியும்: சீயக்காய். அதிலுள்ள சப்போனின் ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தச் சீயக்காய் வேலையை எண்ணெய்க்குள்ளேயே முன்கூட்டிக் கலந்து வைத்தால்? அதுதான் க்ளென்சிங் ஆயில். ஜப்பானில் ஷூ உயெமுரா என்ற ஒப்பனைக் கலைஞர் 1967-லேயே இதைக் கடைக்குக் கொண்டுவந்தார். மதினி வீட்டில் சீயக்காய்க்குப் பதில் வேலை பார்ப்பவர் பெயர் பாலிசார்பேட் 80. தேன் போலக் கெட்டியான மஞ்சள் திரவம். பெயர் மிரட்டுகிறது, ஆனால் ஐஸ்கிரீம் டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், பல டப்பாக்களில் 433 என்ற எண்ணில் ஒளிந்துகொண்டிருப்பவரும் இவரேதான்.

சரி, எந்த எண்ணெய்? இங்கேதான் வீட்டில் கலவரம். தெருவில் கால் வைத்தாலே நல்லெண்ணெய் மணக்கும் ஊரில் இருந்துகொண்டு, மதினி எடுத்து வைத்தது பாக்கெட்டில் வரும் ரீஃபைண்டு சன்ஃபிளவர் ஆயில்! அம்மா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "செக்கு எண்ணெய் இருக்கும்போது இந்தப் பாக்கெட்டு எண்ணெயா?" மதினி அசரவில்லை. "சாப்பாட்டுக்குச் செக்கு எண்ணெய், அத்தை. மூஞ்சிக்கு இது." செக்கு எண்ணெயின் அந்த மணமும் நிறமும் எங்கிருந்து வருகின்றன? விதையிலிருந்து கூடவே இறங்கி வந்த நூறு சமாசாரங்களிலிருந்து. நாக்குக்கு அவை விருந்து. எதைப் பார்த்தாலும் கோபிக்கும் கன்னத்துக்கு, சுத்திகரித்து மணமும் குணமும் போன எண்ணெயே பாதுகாப்பு. எள்ளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு என்பது தனிக் கதை.

ஆலிவ் எண்ணெய்? அது சிவப்புக் கம்பள வரவேற்போடு வந்து வாசலிலேயே திரும்பிப் போனது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சில வாரம் முன்கையில் ஆலிவ் எண்ணெய் தடவியவர்களின் தோல் அரண் பலவீனமானது, லேசாகச் சிவக்கவும் செய்தது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய கையில் அரண் அப்படியே இருந்தது. ஆலிவில் ஒலிக் அமிலம் அதிகம், சாதாரணச் சூரியகாந்தியில் லினோலிக் அமிலம் அதிகம். அது தடவி அப்படியே விட்ட சோதனை, இது உடனே கழுவிவிடுகிற எண்ணெய், இரண்டும் ஒன்றில்லைதான். இருந்தாலும் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருக்கும்போது எதற்கு வம்பு? ஒரு உளவுத் தகவல்: ஒலிக் அதிகமுள்ள சூரியகாந்தி ரகமும் சந்தையில் உண்டு. பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் மோனோ அன்சாச்சுரேட்டட், பாலி அன்சாச்சுரேட்டட் என்று இரண்டு வரி இருக்கும். லினோலிக் சேரும் பாலி வரியின் எண் பெரியதாக இருந்தால் நமக்கு வேண்டியது அதுதான். மளிகைக் கடையில் மதினி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பாக்கெட்டைப் புரட்டும் அழகே தனி!

அடுத்து நீக்கப்பட்டது தேங்காய் எண்ணெய். அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். நம் எல்லோர் தோலிலும் மலசீசியா என்றொரு ஈஸ்ட் குடியிருக்கிறது. பொடுகுக்கும், நெற்றியில் அரிக்கும் சில வகைப் பொரிகளுக்கும் பின்னால் இருப்பது இதுதான். லாரிக்கும் அதைவிட நீளமான கொழுப்பு அமிலங்களும் இதற்குச் சோறு. எட்டு, பத்து கார்பன் கொண்ட குட்டையான அமிலங்கள் மேல் இதற்கு ருசி கிடையாது. அந்தக் குட்டைகளை மட்டும் பிரித்தெடுத்துச் செய்யும் திரவம்தான் கேப்ரிலிக் கேப்ரிக் ட்ரைகிளிசரைடு. தண்ணீர் மாதிரி தெளிவு, மணமே இல்லை, தேங்காய் எண்ணெயின் பேத்தி! மதினி கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். நெற்றிப் பொரி அதிகமுள்ளவர்கள் சூரியகாந்தியை விட்டுவிட்டு முழுக்க இதிலேயே கலக்கலாம். எந்த எண்ணெய் துளையை அடைக்கும் என்று சுற்றிவரும் 0 முதல் 5 வரையான மதிப்பெண் பட்டியலை மட்டும் மதினி மதிப்பதில்லை. அதன் வேர் முயல் காதில் தடவிப் பார்த்த பழைய சோதனைகள். "நம்ம காது முயல் காதா?"

இந்த நேரம் பார்த்து அண்ணன் தோட்டத்திலிருந்து ஒரு கற்றாழை மடலோடு உள்ளே வருகிறார். மதினி முகத்தில் வந்த பீதியை எழுத்தில் கொண்டுவர முடியாது. பச்சைக் கற்றாழை என்றால் தண்ணீர். தண்ணீர் இல்லாத எண்ணெயில் கிருமி வளர வழியில்லை, அதனால்தான் இந்தப் பாட்டிலுக்குக் கிருமி தடுப்பானே வேண்டியதில்லை. ஒரு மடல் கற்றாழை, ஒரு பிடி ரோஜா இதழ், ஒரு ஈரக் கரண்டி, எது போனாலும் அந்தக் கணக்கு முடிந்தது. அண்ணன் விடவில்லை. லாவெண்டர் தைலம்? லெமன் தைலம்? கூடாது, கூடாது. அவற்றின் மணத்துக்குக் காரணமான லினலூலும் லிமோனீனும் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை கிளப்பும் பொருட்களாக மாறும். கழுவிவிடும் பொருளில்கூட 0.01 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் பெயர் போட்டே ஆக வேண்டும் என்கிறது ஐரோப்பியச் சட்டம். கஸ்தூரி மஞ்சள்? அண்ணனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டோம்.

இனி கலவை! பாத்திரங்கள் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துத் தயாராக இருக்கின்றன. நகைக் கடைத் தராசு போல ஒரு குட்டி டிஜிட்டல் தராசு. ஸ்பூன் கணக்குக்கு இடமில்லை, ஏனென்றால் ஒரு ஸ்பூன் பாலிசார்பேட் ஒரு ஸ்பூன் எண்ணெயைவிடக் கனம். சூரியகாந்தி 50 கிராம். கேப்ரிலிக் கேப்ரிக் 34.5. பாலிசார்பேட் 80 சரியாக 15. கடைசியாக வைட்டமின் இ 0.5. ஆக 100 கிராம். அடுப்பே பற்றவைக்கவில்லை.

வைட்டமின் இ என்றதும் மருந்துக் கடைக் கேப்சூல் ஞாபகம் வருகிறதா? நிறுத்துங்கள்! அதில் பெரும்பாலும் இருப்பது டோகோஃபெரில் அசிடேட். பாட்டிலுக்குள் அது எண்ணெயைக் காறல் எடுக்காமல் காப்பாற்றாது. வேண்டியது டோகோஃபெரால், அசிடேட் வால் இல்லாதது. அழகு சாதன மூலப்பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மதினிக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுக்கலாம்.

கிளறியதும் கலவை லேசாக மங்கலாக இருக்கிறது. நின்றால் பாலிசார்பேட் கொஞ்சம் அடியில் இறங்கவும் செய்யும். பயப்பட ஒன்றுமில்லை, குலுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். கடைச் சரக்கு கண்ணாடி போலத் தெளிவாக இருப்பது எண்ணெயோடு நன்றாகச் சேர்ந்து பாலிசார்பேட்டின் வேலையைச் செய்யும் வேறு எமல்சிஃபையர்களால். தெளிவுக்கு ஆசைப்பட்டு ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் என்ற திரவத்தை ஊற்றும் ஆட்களும் உண்டு, பருத் தோல்காரர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

புதுக் கலவை நேரே முகத்துக்குப் போவதில்லை. முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் அளவு இடம், தினம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். ஏழு முதல் பத்து நாள். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் சொல்லும் முறையும் இதுதான். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பாட்டில் உங்களுக்கில்லை. ஏற்கெனவே வெடிப்போ படையோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், அடுக்களையை அப்புறம் பார்க்கலாம்.

முகத்துக்குப் போகும் நாளில் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, உலர்ந்த கை, உலர்ந்த முகம், ஒரு நிமிடத் தடவல். பிறகு ஈர விரல், பால், வெதுவெதுப்பான தண்ணீர். துணி போட்டுத் தேய்ப்பது, கடலை மாவு போட்டுச் சுரண்டுவது இரண்டும் வேண்டாம், தேய்ப்பே எரிச்சல்தான். குளியலறைத் தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், வழுக்கும்! பாட்டில் அடர் நிறத்தில், வெயில் படாத இடத்தில். கலந்த தேதியை மேலே எழுதி ஒட்டி, இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிட வேண்டும். பழைய முறுக்கு வாடை வந்தால் தேதியைப் பார்க்காமலே கொட்டிவிடலாம்.

கூடத்தில் இதற்குள் அண்ணன் ஒரு தாளில் லேபிள் வரைந்து, விலையும் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டில் இரண்டு பாட்டில் கேட்கிறார்களாம். மதினி ஒரே வாக்கியத்தில் கடையைச் சாத்தினார்: விற்பனைக்கு அழகு சாதனம் தயாரிக்க 2020-ஆம் வருஷத்துக் காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி உரிமம் வேண்டும். "உங்க லேபிளைக் குடுங்க, தேதி எழுதித் தர்றேன். விலையை மட்டும் கிழிச்சிருங்க."