கவுன்டிக்குச் சொந்தமான துப்பாக்கி சுடும் தளம்: நிர்வாகம் கைமாறினால் பொதுமக்களுக்குக் கதவு திறக்குமா, மூடுமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், சியாட்டில் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது பிரெமர்டன். கடற்படைக் கப்பல் கட்டும் தளத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே 72 ஏக்கர் நிலத்தில் ஒரு துப்பாக்கி சுடும் தளம். 2009-ல் இந்த நிலம் மாகாண அரசிடமிருந்து கவுன்டிக்குப் போனது. கவுன்டி அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. கையோடு ஒரு தனியார் கிளப்புக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே அதே கிளப் மீது அதே கவுன்டி வழக்குப் போட்டது.

கொடுத்தவரே ஏன் கோர்ட்டுக்குப் போனார்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான், அமெரிக்கா முழுக்க அரசு நிலத்தில் இயங்கும் சுடும் தளங்களின் மொத்தப் பிரச்னையும் அடங்கியிருக்கிறது.

முதலில், கவுன்டி என்றால் என்ன?

நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாக அலகு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. அங்கே கலெக்டர் கிடையாது. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுதான் கவுன்டியை நடத்துகிறது. அமெரிக்காவில் இப்படி 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் இருக்கின்றன. பூங்கா, சிறை, சாலை, நூலகம் எல்லாம் இவர்கள் கையில்தான். சில கவுன்டிகளின் பூங்காத் துறைக்குக் கீழே, நீச்சல் குளமும் டென்னிஸ் கோர்ட்டும் இருப்பது மாதிரியே, துப்பாக்கி சுடும் தளமும் இருக்கும்.

நம்ம காதுக்கு இது விசித்திரமாகப் படலாம். அங்கே கட்டணம் கட்டி, பாதுகாப்பு விதிகளைக் கேட்டுக்கொண்டு, கண்ணுக்கும் காதுக்கும் கவசம் மாட்டி, ரேஞ்ச் ஆபீசர் சொன்ன பிறகு சுடுவது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. வேட்டைக்குப் போகிறவர்கள் சீசனுக்கு முன்னால் துப்பாக்கிக் குறியைச் சரிபார்க்க வருவார்கள். பள்ளி அணிகள் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும்.

யார் நடத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம்

நிலம் அரசுக்குச் சொந்தம் என்பதால் மட்டும் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்விட முடியாது. நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்துதான் அது முடிவாகும்.

சில இடங்களில் கவுன்டியே நேரடியாக நடத்துகிறது. லாஸ் வேகாஸுக்கு வடக்கே, பாலைவன ஓரத்தில், கிளார்க் கவுன்டியின் சுடும் வளாகம் சுமார் 2,900 ஏக்கர். ஊழியர்கள் கவுன்டியின் ஆட்கள். கட்டணம், நேரம், விதி எல்லாம் கவுன்டி முடிவு. குறை இருந்தால் ஓட்டுக் கேட்டு வருபவரிடமே கேட்கலாம்.

இன்னொரு வழி, தனியார் ஒப்பந்தக்காரரிடம் விடுவது. நிலம் கவுன்டியுடையது, வசூல், பராமரிப்பு, ஆள் போடுவது அவர் பொறுப்பு, வருமானத்தில் ஒரு பங்கு கவுன்டிக்கு. நம்மூரில் பஸ் ஸ்டாண்ட் கடைகளையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் டெண்டர் விடுகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

மூன்றாவது வழி, உறுப்பினர் கிளப்புக்குக் குத்தகை. உள்ளதிலேயே செலவு குறைவு, ஏன்னா உறுப்பினர்களே வாரக் கடைசியில் வந்து புல் வெட்டி, மண்மேட்டைச் சரிசெய்து, மேற்பார்வையும் பார்த்துவிடுவார்கள். சிக்கலும் இங்கேதான் அதிகம். கிளப் என்பது சொந்தக்காரர்கள் கூட்டம் மாதிரி. நாளாக ஆக, 'இது நம்ம இடம்' என்ற எண்ணம் வந்துவிடும். பொதுமக்களுக்கான நேரம் வாரம் 5 நாளிலிருந்து 2 நாளாகச் சுருங்கினாலும் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. கதவு பூட்டப்பட்டிருக்காது, நீங்கள் போகும் நேரத்தில் திறந்திருக்காது, அவ்வளவுதான்.

காசு யாருடையது?

பொதுமக்கள் உரிமை கேட்பதற்குப் பின்னால் ஒரு வலுவான வாதம் உண்டு. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, நீளத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது 11 சதவீதமும், கைத்துப்பாக்கிகள் மீது 10 சதவீதமும் மத்திய அரசு வரி வசூலிக்கிறது. தயாரிப்பாளர்தான் கட்டுகிறார். ஆனால் கடைசியில் அது விலையில் ஏறி வாங்குகிறவர் தலையில் விழுகிறது. இந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கும், வேட்டைப் பயிற்சிக்கும், சுடும் தளங்களுக்கும் மாகாணங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது.

முன்பு ஒரு பொதுத் தளம் கட்ட வேண்டுமென்றால் செலவில் 25 சதவீதத்தை மாகாணத் தரப்பு போட வேண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி அதை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். வாஷிங்டன் மாகாணம் இதற்கு மேல் தனியாக ஒரு மானியத் திட்டமும் வைத்திருக்கிறது. மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கான லைசென்ஸ் கட்டணத்தில் ஒரு பகுதி அதற்குப் போகிறது.

இப்படி மானியம் வாங்கிய இடம், 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்ட முடியாது. பணத்தோடு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது: பொதுமக்களையும் அனுமதிக்க வேண்டும். நிர்வாகம் மாறும்போது பலர் மறந்துவிடுவது இதைத்தான். புதிதாக வருபவர் பழைய மானியத்தின் கடமைகளையும் சேர்த்தே வாங்குகிறார்.

இப்போது பிரெமர்டன் கதைக்கு வருவோம்

கிட்சாப் கவுன்டியில் உள்ள அந்தக் கிளப் 1926-ல் தொடங்கப்பட்டது. பல பத்தாண்டுகள் மாகாண இயற்கை வளத் துறையிடம் குத்தகை. 72 ஏக்கரில் சுமார் 8 ஏக்கரில்தான் சுடும் வேலை. மீதி மரங்கள் நிறைந்த பாதுகாப்பு இடைவெளி. 1993-ல் கவுன்டி ஒரு கடிதம் கொடுத்தது. புதிய நில விதிகள் வந்தாலும், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதால் இந்தத் தளம் பழையபடி தொடரலாம் என்பது அதன் சாரம்.

அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வெடிச்சத்தம் எப்போதாவது கேட்கும். 2000-களின் நடுவில் நிலைமை மாறியது. காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை, வாரம் 7 நாளும் சுடலாம் என்றானது. தனியார் நிறுவனங்கள் அங்கே ராணுவ வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. வேகமாகத் தொடர்ந்து சுடும் சத்தம், வெடிக்கும் இலக்குகளின் அதிர்வு. பின்வாசலில் உட்கார்ந்து காபி குடிக்க முடியவில்லை என்ற நிலைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள்.

இதே நேரத்தில்தான் நிலம் கைமாறும் பேச்சு. மாகாணத்துக்கும் கவுன்டிக்கும் ஒரு நிலப் பரிமாற்றம். அதில் இந்த 72 ஏக்கரும் சேர்ந்து வந்தது. கவுன்டிக்குக் கிலி. பல ஆண்டுகள் தோட்டா விழுந்த மண்ணைத் தன் பெயரில் வைத்துக்கொண்டால், நாளைக்குச் சுத்தம் செய்யும் செலவு தன் தலையில் விழுமே! கிளப்புக்கு வேறு பயம்: நாளைக்கு கவுன்டி வெளியேறச் சொன்னால்? இரண்டு பயமும் ஒரே பத்திரத்தில் தீர்ந்தன. நிலம் கிளப்புக்கு.

ஆனால் நிபந்தனைகளோடு. சுடும் பகுதி அந்த 8 ஏக்கர் அளவிலேயே இருக்க வேண்டும். பொதுமக்களை நியாயமான கட்டணத்தில் அனுமதிக்க வேண்டும். நிலம் தனியாருக்குப் போனாலும் பொதுமக்களின் நுழைவு உரிமை பத்திரத்திலேயே எழுதப்பட்டது. இந்த ஒரு வரிதான் மற்ற ஊர்களுக்கும் பாடமாக நிற்கிறது. சொந்தக்காரர் மாறினாலும் உரிமை தொடர வேண்டுமென்றால், வாய்ப்பேச்சு போதாது. பத்திரத்தில் ஏற வேண்டும்.

2010-ல் கவுன்டி வழக்குப் போட்டது. தொல்லை தரும் சத்தம், தோட்டாக்கள் எல்லை தாண்டும் ஆபத்து, அனுமதி வாங்காமல் மண் வேலை என்று குற்றச்சாட்டுகள். கிளப்பின் பதில் எளிமையானது: 'எல்லாம் தெரிந்துதானே எழுதிக் கொடுத்தீர்கள்? இப்போது எப்படிக் குறை சொல்லலாம்?'

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 2012-ல் தீர்ப்பு சொன்ன விசாரணை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கிளப்பின் பழைய உரிமையே முடிந்துவிட்டது என்றது. 2014 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தது. நேரத்தை நீட்டித்தது தப்பில்லை. அது இருந்த பயன்பாட்டின் தீவிரம் கூடியது மட்டுமே. ஆனால் ராணுவப் பயிற்சி போன்ற வணிகப் பயன்பாடும், பல மடங்கு கூடிய சத்தமும் அனுமதிக்க முடியாத விரிவாக்கம். சத்தமும், பாதுகாப்பின்மையும், அனுமதியில்லாத கட்டுமான வேலையும் சேர்ந்து பொதுத் தொல்லை. பத்திரம் எழுதிக் கொடுத்ததால் கவுன்டியின் வாய் அடைபட்டுவிடாது. அதேசமயம், பழைய உரிமையை அடியோடு ரத்து செய்தது சரியான பரிகாரம் அல்ல. வேறு தீர்வு பாருங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

அதே 2014-ல் கவுன்டி இன்னொரு விதியும் கொண்டுவந்தது: எந்தச் சுடும் தளமும் இயங்குவதற்கு அனுமதி வாங்க வேண்டும். கிளப் எதிர்த்தது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்டி பக்கம் நின்றது. இத்தனை சண்டையிலும் நஷ்டம் யாருக்கு என்று பார்த்தால், உறுப்பினர் அட்டை இல்லாமல் எப்போதாவது வந்து சுட்டுவிட்டுப் போன சாதாரண ஆளுக்கும்தான். பத்திரத்தில் அவருக்கு உரிமை இருக்கிறது. அனுமதி இல்லாத தளத்தில் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது?

துப்பாக்கி உரிமை அரசியல் சாசனத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிகாகோ நகரம் ஒரு காலத்தில், துப்பாக்கி வைத்திருக்க ஒரு மணி நேரம் தளத்தில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்றது. அதே நகரம், ஊருக்குள் பொதுச் சுடும் தளங்களுக்கே தடையும் போட்டது! 2011-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தடையை நிறுத்தி வைத்தது. பயிற்சி எடுப்பதும் உரிமையின் ஒரு பகுதி என்றது.

ஆனால், அரசு தன் செலவில் ஒரு தளம் நடத்தியே ஆக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தடுக்காமல் இருப்பது வேறு, நடத்திக் கொடுப்பது வேறு. கவுன்டி தன் தளத்தை மூடினால், 'பக்கத்தில் தனியார் தளம் இருக்கிறதே' என்று சொல்லிவிடலாம். அங்கே கட்டணம் என்ன என்பது வேறு கதை.

ஈயம் எனும் பழைய கடன்

பெரும்பாலான தோட்டாக்களில் இருப்பது ஈயம். பின்னால் உள்ள மண்மேட்டில் ஆண்டாண்டாகச் சேர்கிறது. மண் அமிலத்தன்மை கொண்டதாகவும், மழை அதிகமாகவும் இருந்தால் ஈயம் கரைந்து ஓடைக்குப் போகும். ஒழுங்காக நடத்துபவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் மண்ணைச் சலித்து ஈயத்தை எடுத்து, பழைய உலோகமாக விற்பார்கள். மண்ணில் சுண்ணாம்பு கலப்பார்கள். ஆனால் குத்தகை முடிய 2 வருடம்தான் இருக்கிறது என்றால் எந்த ஒப்பந்தக்காரர் இந்தச் செலவைச் செய்வார்? அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்.

கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து அருகே சபோ பூங்காவில் நடந்தது இதற்கு உதாரணம். அது கவுன்டியுடையது அல்ல. பூங்கா நிர்வாக வாரியத்துடையது. ஆனால் ஏற்பாடு அதே மாதிரிதான். 50 ஆண்டுகளுக்கு மேல் ஒரு கிளப் அங்கே பொதுமக்களுக்கான தளத்தை நடத்தியது. 2016-ல் வாரியம் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தது. ஈய மாசும் அதைச் சுத்தம் செய்யும் செலவும்தான் விவாதத்தின் மையம். அதே ஆண்டு தளம் மூடப்பட்டது.

எல்லாத் தளமும் இப்படி முடிவதில்லை. சான் பெர்னார்டினோ கவுன்டியின் பிராடோ பகுதியில் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்காகத் தளம் கட்டினார்கள். ஜூலை 29 அன்று சீனாவின் ஷு ஹைஃபெங் அங்கேதான் பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்றார். சீனாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். ஒலிம்பிக் முடிந்த பிறகும் அது பொதுமக்கள் காசு கொடுத்துச் சுடும் இடமாகத் தொடர்ந்தது.

புதிய நிர்வாகம் வருகிறது என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பொதுமக்களுக்கான நேரம், மணிக்கணக்கில் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதை. 'போதுமான நேரம்' என்று எழுதியிருந்தால் அது ஒன்றும் எழுதாததற்குச் சமம். கட்டணத்தை உயர்த்த கவுன்டி ஒப்புதல் தேவையா, ஒப்பந்தக்காரரே ஏற்றிக்கொள்ளலாமா என்பதையும். மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று கைமாறும் நாளில் அளந்து வைத்தார்களா என்பது ரொம்ப முக்கியம். அளக்காவிட்டால் பழையவர் புதியவரைக் கைகாட்டுவார், புதியவர் பழையவரை. மூடும் நேரம், சத்த அளவு, தானியங்கி ஆயுதப் பயிற்சி பற்றி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு என்ன வாக்குறுதி என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும். கிட்சாப்பில் பொதுமக்களின் நுழைவு பத்திரத்தில் இருந்தது. கதவை மூட வைத்தது பக்கத்து வீட்டுப் பிரச்னைதான்.

இந்த ஒப்பந்தங்கள் பொது ஆவணங்கள். கவுன்டி குழு கூட்டத்தில் ஓட்டெடுப்புக்கு வருவதற்கு முன் நிகழ்ச்சி நிரலோடு வெளியிடப்படும். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம். பெரும்பாலான இடங்களில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும்.