குடற்சுவரின் காவலர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவகிரியில் வயல்வேலைக்குச் செல்வோர் பழைய சோறும் நீராகாரமும் உண்டு செல்வது நெடுநாள் வழக்கம். அப்பழைய சோறு குடல் அழற்சி நோய்க்குத் துணைபுரியுமா என்னும் ஆய்வைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மேற்கொண்டது. சோற்றுக்கும் அந்நோய்க்கும் என்ன தொடர்பு? அதனை அறியப் பெருங்குடலின் உட்சுவரை முதலில் அறிதல் வேண்டும்.

உட்சுவரின் மேற்பரப்பு ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. அதன் ஒருபுறம் எண்ணற்ற நுண்ணுயிரிகள். மறுபுறம் குருதி நாளங்கள். இரண்டையும் பிரித்துக் காப்பவை புரதங்கள். மியூசின் என்னும் புரதம் வழவழப்பான கோழைப் படலமாய்ச் சுவரைப் போர்த்துகிறது. ஆக்லுடின், கிளாடின் முதலியன அடுத்தடுத்த செல்களை இறுகப் பிணைக்கின்றன.

பெருங்குடலில் புண்ணை உண்டாக்கும் அழற்சியில் இவ்வொழுங்கு குலைகிறது. கோழைப் படலம் மெலிகிறது, ஆக்லுடின் குறைகிறது. இடைவெளியை அடைக்கும் கிளாடின்-4 குறைய, நீரும் உப்பும் கசிய வழிவிடும் கிளாடின்-2 மிகுகிறது. நுண்ணுயிரிகள் சுவரை ஊடுருவ, அவற்றை எதிர்க்கும் செல்கள் டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதுவோ பிணைப்பை மேலும் தளர்த்துகிறது. காக்க வந்த படையே கோட்டையை இடிக்கும் நிலை இது.

இம்மாற்றங்களே மருத்துவருக்கு வழிகாட்டுகின்றன. வெள்ளையணுக்கள் வெளியிடும் கால்புரொடெக்டின் என்னும் புரதத்தை மலத்தில் அளந்து அழற்சியின் அளவை மதிப்பிடலாம். டி.என்.எஃப். ஆல்ஃபாவைத் தடுக்கும் மருந்து 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு ஏற்கப்பட்டது.

இனிச் சோற்றுக்கு வருவோம். ஆறிய சோற்றின் மாவுப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதனைப் பியூட்டிரிக் அமிலமாக மாற்றுகின்றன. அதுவே பெருங்குடற் செல்களின் முதன்மை எரிபொருள். நோயுற்ற செல்கள் அதனைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என ரோடிகர் என்னும் ஆய்வாளர் 1980இல் எடுத்துரைத்தார். எனவே, பழைய சோறு ஆராயத்தக்க உணவு. மருந்துக்கு மாற்று அன்று.

இந்நோய் பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டுகிறது. மலத்தில் குருதி, நீங்காத வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு ஆகியவற்றை மூலம் என்றோ சூடு என்றோ கருதி மறைப்போர் பலர். நாணத்தால் இழக்கும் மாதங்களில் குடற்சுவர் மேலும் சிதைகிறது. கூச்சம் தவிர்த்து உரிய காலத்தில் மருத்துவரிடம் உரைத்தலே அச்சுவரைக் காக்கும் முதற்படி.