நெய்வேலியின் அடித்தண்ணீர்

“நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம்தானே? கூரை இடிந்து விழாது, விஷவாயு தேங்காது. அப்புறம் என்ன ஆபத்து?” என்று விருத்தாசலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டு எழுதியிருக்கிறார்.

சரியும் மண்மேடும் ராட்சத இயந்திரங்களும் தூசியும் எல்லோருக்கும் தெரிந்தவை. என்னை வியக்கவைப்பது, காலுக்கடியில் கிடக்கும் ஆபத்து.

பழுப்பு நிலக்கரிக்குக் கீழே உள்ள மணல் அடுக்கில் ஊற்றுநீர் நிறைந்திருக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி முட்டுகிறது. ஏறக்குறைய லாரி டயரில் ஏற்றும் காற்றின் அழுத்தம். லாரி ஓட்டிய என் அப்பா, டயருக்குக் காற்றடிக்கும்போது பிள்ளைகளைக் கிட்டவே விடமாட்டார். சுரங்கத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் அந்த நீர் 60 டன்னுக்குக் குறையாமல் உந்துகிறது.

மேலே மண்ணின் பாரம் இருக்கும்வரை தண்ணீர் அடங்கிக் கிடக்கும். மண்ணை அள்ள அள்ளப் பாரம் குறையும்; கவனிக்காமல் விட்டால் தரை பிளந்து தண்ணீர் பீறிடும். அதனால்தான் 1957-இல் தொடங்கிய இந்தச் சுரங்கத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் இரவு பகலாகத் தண்ணீரை இறைக்கின்றன.

எவ்வளவு இறைத்தால் போதும்? அதைச் சொல்ல வேறு குழாய்கள் உண்டு. அவற்றில் மோட்டார் இல்லை, அளவு நாடா மட்டும் இறங்கும். குழாய்க்குள் தண்ணீர் தன் அடுக்கைவிட்டு எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ, அதுதான் அடியிலுள்ள அழுத்தம். மட்டம் நிலக்கரியின் அடிப்பாகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் நிம்மதி. ஏறத் தொடங்கினால் இறைப்பைக் கூட்ட வேண்டும். ஆபத்தை இத்தனை எளிதாக அளக்கும் கருவியைப் பார்ப்பது அரிது.

ஆனால் அந்த மணல் அடுக்கு சுரங்க வேலியோடு முடிந்துவிடுவதில்லை. மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் இருந்த வட்டாரம் அது. உள்ளே தொழிலாளியைக் காப்பாற்றும் அதே இறைப்பு, வெளியே விவசாயியின் ஆழ்குழாயை வறளவைக்கிறது. சுரங்கத்துக்குள் இறைத்தே ஆகவேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளை ஆபத்துக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் அநியாயம்.

அந்தக் குழாய்களின் நீர்மட்ட அளவுகளை மாதந்தோறும் பக்கத்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கேட்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது.