சென்னைக் காசநோய் ஆய்வும் மருத்துவ அறக் கருத்து வேறுபாடும்

மருத்துவ அறவியலில் இரு தரப்பினர் முரண்படும்போது, எது நல்லது என்பதில் மட்டும் அவர்கள் வேறுபடுவதில்லை. எது உண்மை, அதை எப்படி அறிவது என்பதிலும் வேறுபடுகிறார்கள். சென்னையில் நடந்த காசநோய் ஆய்வு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

1950களில் காசநோயாளியைச் சானடோரியத்தில் தங்கவைத்து, ஓய்வும் சத்துணவும் நல்ல காற்றும் தருவதே முறையான சிகிச்சையாகக் கருதப்பட்டது. (1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், அங்குள்ள இரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் நிலைத்துள்ளது.) ஆனால் படுக்கைகளோ மிகக் குறைவு. மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன என்ற கேள்வி எழுந்தது. நெரிசலான வீட்டில் பிள்ளைகளுக்கு நோய் தொற்றும், ஏழைக்கு மட்டும் அரைகுறை மருத்துவமா என்று எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்களுக்கு நீண்ட அனுபவம் இருந்தது. ஆயினும் அவர்கள் கண்டறிந்தது சானடோரியத்துக்கு வந்தவர்களை மட்டுமே. வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களோடு ஒப்பிட வழியில்லை.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் வீடு, சானடோரியம் என இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். மருந்துகள் தரப்பட்டன. முடிவுகள் 1959இல் வெளியாயின. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சிறு வேறுபாடும் மறைந்தது. வீட்டில் இருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. வீட்டுப் பிரிவினர் உண்டது ஏழை உணவுதான், பலர் வேலைக்கும் போனார்கள் என்பதை எண்ணினால் இம்முடிவின் வலிமை விளங்கும்.

ஆக, அறச்சிக்கலாகத் தோன்றியதில் பெரும்பகுதி தகவல் பற்றியதே. எஞ்சிய பகுதி வேறு வடிவில் வந்தது. குமட்டல் தரும் மருந்தை ஓராண்டு விடாமல் உண்கிறார்களா என்று அறிய, மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். கண்முன்னே மருந்து தரும் முறையும் இதே மையத்தின் பிந்தைய ஆய்வுகளில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. மருந்து விட்டுப்போனால் எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி பிறருக்கும் பரவும் என்பர் ஆதரிப்போர். நோயாளியை நம்பாத முறை இது, கூலிக்காரருக்கு அரைநாள் வேலையும் போகிறது என்பர் மறுப்போர். இங்கு இரு தரப்பும் ஒரே புள்ளிவிவரங்களைத்தான் ஏற்கின்றன. மருந்து உண்டதை நோயாளியே கைப்பேசியில் தெரிவிக்கும் முறைகள் பின்னர் வந்தபோதும், யாரை எவ்வளவு நம்பலாம் என்ற வாதம் அவற்றோடு சேர்ந்தே வந்தது.